உபயம்: நாகேந்திரன் குடும்பத்தார்

திருத்தணி,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஹேமநாதன் அண்ணாவுக்கு,

விஜி எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. தினமும் ஸ்டேட்டஸ் வைக்கிறாய், பார்க்கிறேன். புனேயில் நல்ல மழை, வீட்டுக்குப் புது சோபா வந்திருக்கிறது, குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது. என் போனை எடுக்க மட்டும் நேரமில்லை. அதனால்தான் உன் ஆபீஸ் முகவரிக்கு இந்தப் பதிவுத் தபால். வீட்டுக்கு அனுப்பினால் அண்ணி பிரித்துப் படிப்பாள். அவளுக்கு இதெல்லாம் தெரியவேண்டும்தான். ஆனால் அதை நீதான் சொல்லவேண்டும், நான் அல்ல.

கோர்ட்டு விஷயம் எந்த நிலையில் இருக்கிறது என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன். சென்னையில் உன் ரெடிமேட் கடைக்காக நைனா தன் பெயரில் கடன் வாங்கினார். கடை மூடியதும் நீ ரயில் ஏறிவிட்டாய். பொதட்டூர்பேட்டை வீட்டையும் தறிகளையும் விற்றும் கடன் அடையாமல், கடைசியில் நைனா மஞ்சள் கடுதாசி கொடுத்தார். அவர் திவாலானவர் என்று கோர்ட்டு அறிவித்தது. கூலிக்குத் தறி ஓட்டிச் சம்பாதிப்பதில் ஒரு பங்கை மாதாமாதம் கோர்ட்டு நியமித்த ரிசீவரிடம் கட்டவேண்டும், அவர் அதைக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார் என்று உத்தரவு. அதில் எனக்கு வருத்தமில்லை. அப்போது நைனாவுக்கு இரண்டு கைகளும் வேலை செய்தன.

பக்கவாதம் வந்த பிறகு இந்த வாடகை வீட்டுக்கு வருவது நைனாவின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை, அம்மாவின் மகளிர் உரிமைத் தொகை, என் டியூஷன் காசு, ரேஷன் அரிசி. அவ்வளவுதான். உதவித்தொகை கைக்கு வந்ததும் முதலில் ரிசீவர் பங்கை எடுத்து வைத்துவிடுவார் நைனா. “கோர்ட்டு சொல்லிகீது, மீறக்கூடாதும்மா” என்பார். அதனால் அரக்கோணத்துக்குப் பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்தினோம். சம்பாத்தியம் நின்றுபோனால் தவணையை மாற்றக் கேட்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நூலகத்தில் திவால் சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்து, புரியாத ஆங்கிலத்தைத் திரும்பத் திரும்பப் படித்துத் தெரிந்துகொண்டேன். இலவசச் சட்ட உதவியில் கோமளவல்லி என்ற வக்கீல் கிடைத்தார். “உதவித்தொகையில இருந்தா கட்டிகினு இருந்தீங்க? அது சோத்துக்குக் கொடுக்கற காசும்மா” என்று தலையில் அடித்துக்கொண்டார். தவணையை நிறுத்தும்படியும், குறித்த காலத்துக்கு முன்பே நைனாவைத் திவாலிலிருந்து விடுவிக்கும்படியும் மனு போட்டார்.

கடன்காரர்களில் வாய்தா தவறாமல் வருகிறவர் நூல் வியாபாரி சுந்தரமூர்த்தி ஒருவர்தான். நைனா சக்கர நாற்காலியில் வந்ததைப் பார்த்த பிறகு அவரே இறங்கி வந்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று வக்கீலம்மாவிடம் சொன்னார். அடுத்த வாய்தாவில் எல்லாம் முடிந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஆடிக் கிருத்திகை வந்தது. கூடவே நீயும் வந்தாய்.

மாமனாரையும் மச்சான்களையும் இரண்டு காரில் அழைத்துக்கொண்டு வந்தாய். மலையடிவாரத்தில் பந்தல் போட்டு, காவடி எடுத்து வந்தவர்களுக்கெல்லாம் சாம்பார் சாதமும் கேசரியும் கொடுத்தாய். பந்தலுக்கு மேலே ஆள் உயரத்துக்கு பேனர். ‘அன்னதானம். உபயம்: பொதட்டூர்பேட்டை கே. நாகேந்திரன் குடும்பத்தார்.’ உன் கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு எடுத்த போட்டோவில் நைனா சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் உபயத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்பது நம் வீடுகளில் வழக்கம். எனக்கும் தெரியும். அம்மா அந்த பேனரைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எம் புள்ள ஊரே பாக்கறமாரி நிக்க வெச்சிட்டான்” என்றாள். ஊர் முழுக்கப் பார்க்கும்போது சுந்தரமூர்த்தி மட்டும் பார்க்காமலா இருப்பார்?

அவர் பேனரைப் போட்டோ எடுத்துக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார். திவாலானவர் சொத்தை மறைத்து வைத்திருக்கிறார், விடுவிக்கக் கூடாது என்று ஆட்சேபணை. கோர்ட்டு வராந்தாவில் எல்லோர் முன்னாலும் நைனாவைக் கேட்டார்: “இன்னா நாகேந்திரா, ஊருக்கே பந்தி போட்ற. எனக்கு மட்டும் வெறும் எலைய காட்டிகினு கீறியே?” பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். என் கோபம் முழுவதும் உன்மேல்தான். உன் மாமனாரின் கண்ணுக்கு நாம் வசதியான குடும்பமாகத் தெரிய வேண்டும், அதற்கு ஒரு பந்தல் தேவைப்பட்டது. அந்தக் கேசரிக்குப் போட்ட நெய்க்காசு இருந்தால் நைனா எத்தனையோ மாதம் அரக்கோணம் போய் வந்திருப்பார் என்று உனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லையா?

சமையல் கான்ட்ராக்டரிடம் போனேன். நீ ரொக்கமாகக் கொடுத்திருக்கிறாய். ரசீது யார் பெயருக்கு என்று கேட்டதற்கு, உபயதாரர் பெயருக்கே போடுங்கள் என்றிருக்கிறாய். அதிலும் நைனாதான். “ஒரே வழிதான் கீது. உங்க அண்ணன் கூண்டுல ஏறி, செலவு பண்ணது நான்தான்னு சொல்லணும். வருமானத்துக்கு ஒரு பேப்பர் காட்டணும். அஞ்சு நிமிஷ வேலை” என்கிறார் வக்கீலம்மா. இதைச் சொல்லத்தான் உனக்குப் போன் செய்தேன். “கோர்ட்டு கீர்ட்டுன்னா மாமா இன்னா நினைப்பாரு? நீ படிச்ச பொண்ணு, ஏதாச்சும் சொல்லி சமாளி விஜி” என்றாய். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. படித்த பெண் கோர்ட்டில் பொய் சொல்லிச் சமாளிக்க வேண்டும், படித்த மகன் உண்மையைச் சொல்ல வர மாட்டான். இது எந்த ஊர் நியாயம்?

இதை எழுதக் காரணம் என் கோபம் மட்டுமில்லை. நைனா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். பந்தல் செலவு தன் காசுதான் என்று கூண்டில் சொல்லிவிடப்போகிறாராம். “எம் பேருதான போட்டுகீது. அவன் குடும்பஸ்தன், அவன இழுக்காத” என்கிறார். அப்படிச் சொன்னால் மனு தள்ளுபடியாவதோடு நிற்காது, சொத்தை மறைத்த குற்றத்துக்குத் தண்டனையும் வரலாம் என்று வக்கீலம்மா வீட்டுக்கே வந்து சொன்னார். நைனா கோணின வாயோடு சிரிக்கிறார். “ஜெயில்லயும் கஞ்சி ஊத்துவாங்கம்மா. அங்க ரிசீவர் பங்கு கேக்க மாட்டாரு” என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். பேசாமல் இருந்தும் பார்த்தேன். அவர் அசையவில்லை.

அவருக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை என்பது நீ வந்தபோதே கவனித்திருப்பாய். நாக்கு திரும்புவதற்காக ஆஸ்பத்திரியில் சில சொற்களை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவற்றைச் சொல்லிப் பழகுவார். இப்போது அந்தச் சொற்களை விட்டுவிட்டார். “என் காசு, என் காசு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘சு’ மட்டும் காற்றாகப் போகிறது. ஜட்ஜுக்குப் புரிய வேண்டுமே என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறார். அடுத்த அறையில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபடி நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, வாய்தா அடுத்த மாதம் பத்தாம் தேதி, காலையில். நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். பணமும் கொண்டுவர வேண்டாம். மாமனாரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். நைனாவின் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தக் கூண்டில் நீ நிற்க வேண்டும். அவருக்கு அந்தச் சொல் நாளுக்கு நாள் தெளிவாக வந்துகொண்டிருக்கிறது.

அண்ணியும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் தங்கை
விஜி