மட்டக் குதிரை வாங்கப் போகுமுன்

என்னங்க,

காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். மீன் சம்பல் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மேகலாவையும் அழைத்துப் போங்கள்.

பூங்காவில் பிள்ளைகளை ஏற்றி நாம் பிழைக்கப் போகிற குதிரை, சாதுவாக இருக்க வேண்டும். பத்து காஜா தோட்டத்துத் துரையிடம், ஏன் விற்கிறார் என்று முதலில் கேளுங்கள். வயது என்ன? கடிக்குமா, உதைக்குமா? லோரி சத்தத்துக்கு மிரளுமா? அவர் வீட்டுப் பிள்ளை ஏறிக் காட்டட்டும், பிறகுதான் நம் மகள். நீங்கள் போகும்போதே அதன் உடம்பு வியர்த்திருந்தால், ஓட்டிக் களைக்க வைத்து அடக்கமாகக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் இன்னொரு நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

நேற்று மகள் முன்னால், "துரையக் கண்டா உங்களுக்கு வாயே வராதுலா, நொண்டிக் குதிரையத் தலையில கட்டிருவாரு" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டீர்கள்.

அமிர்தம்

சாவி அடுத்த வீட்டு நஸீரா அக்காவிடம்.

இன்னொன்று. எனக்குப் பிரசவ வலி வந்தபோது, மழையில் பங்களாவுக்கு நடந்துபோய், அப்போதைய துரையிடம் காரைக் கேட்டு வாங்கி வந்தவர் நீங்கள். அதை மேகலாவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. நேற்று சொன்னதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.