குமரவேலுக்குத் தள்ளுபடி

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

காண்ட்ராக்டர் குமரவேலின் கடனை இன்று தள்ளுபடி செய்துவிட்டேன். என் கடையில் கம்பியும் சிமெண்டும் கடனுக்கு வாங்கி, தருமபுரம் முழுக்க வீடு கட்டிக் காசு பார்த்தவன். கோர்ட்டில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த அன்று வாசலிலேயே சிரித்தான்: "தீர்ப்ப கண்ணாடி போட்டு மாட்டிக்குங்கண்ணே. எம்பேர்ல ஒரு செங்கல்லுகூட இல்ல." வீடு, லாரி எல்லாம் மனைவி பெயரில்.

இப்போது பேங்க் லோனுக்கு, பாக்கி இல்லையென்று என் கடிதம் வேண்டுமாம். மனைவியோடு வந்து, "பெரிய மனசு பண்ணுங்கண்ணே" என்றான். கேட்டபடியே எழுதிக் கொடுத்தேன்.

ஆடிட்டரிடம் முன்பே விசாரித்திருந்தேன். வாங்கிய சரக்கையெல்லாம் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொண்டவன் அவன். நான் கடனை விட்டதும் அந்தத் தொகை அவனுக்கு வருமானமாகிவிடும். வரி கட்டியாக வேண்டும். எனக்கு அது வாராக்கடன், என் வரி குறையும். என்னை ஏமாற்றினான், வருமானவரி ஆபீஸை ஏமாற்றிப் பார்க்கட்டும்.

போகும்போது அந்தப் பெண், "நீங்க நல்லா இருக்கணும்ண்ணே" என்று கும்பிட்டாள். அதுதான் உறுத்துகிறது. இப்போதே சொல்லிவிட்டால் வரிக்குப் பணம் சேர்த்து வைப்பார்கள்.

சொல்ல மாட்டேன். அவனுடைய ஆடிட்டர் சொல்லட்டும்.