வளைவில் மணி அடிக்கவும்

தூத்துக்குடி,
8-7-1973

அன்புள்ள ஜெயாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். நீ போய்ச் சேர்ந்த விவரம் கார்டில் கண்டேன். மொத்தம் நான்கு வரி. அதையே எத்தனை தடவை படிப்பது?

துறைமுக வேலைக்குக் கல் ஏற்றும் லாரிகள் இப்போது உன் பள்ளிக்கூடத் தெரு வழியாகவும் வருகின்றன. தினமும் காலையில் உன்னைப் பள்ளிக்கூட வாசல் வரை நடந்து கொண்டுவிட்ட கால், இப்போதும் அந்தப் பக்கமே போகிறது. வாசல் வந்ததும் புத்தி வந்து ஆபீசுக்குத் திரும்புகிறேன். ஹெட்கிளார்க் காசிலிங்கம் அண்ணாச்சி, "பொண்டாட்டிய எம்.எஸ்ஸி. படிக்க அனுப்பிட்டு மூஞ்சத் தொங்கப் போட்டா எப்படிவே?" என்கிறார். முப்பத்திரண்டு வயதில் ஒரு டீச்சர் லீவு போட்டுப் படிக்கப் போனது அவருக்கு வேடிக்கை. எனக்குப் பெருமைதான். ஆனாலும் வீடு வெறிச்சென்று கிடக்கிறது ஜெயா.

ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு எவ்வளவு தூரம்? எப்படிப் போகிறாய்? துணைக்கு யார்? விவரமாக எழுது. நீ கிறிஸ்துமஸ் லீவுக்கு வர இன்னும் ஐந்தரை மாதம் இருக்கிறது.

உன்
ஜேசுதாசன்


பெண்கள் விடுதி,
19-7-1973

அன்புள்ள அத்தானுக்கு,

நான்கு வரிக்கு இவ்வளவு கோபமா? இதோ, வயிறு நிறையப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டினவர்கள் நடந்து போகிற ஜாதியை நினைத்தே பார்க்கவில்லை. ஹாஸ்டல் ஒரு கோடியில், விலங்கியல் துறை மறு கோடியில். நடுவே ஒன்றேமுக்கால் மைல். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து போவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு நான்கு நடை, ஏழு மைல். புரொபசர்கள் காரில் போகிறார்கள். ஹார்ன் அடித்தால் மரியாதை குறைந்துவிடுமாம். பையன்கள் ஒரு சைக்கிளில் மூன்று பேர் ஏறிக்கொண்டு, பெண்களைக் கண்டதும் கையை விட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். நடக்கிற நாங்கள் ஓரத்துப் புழுதியில். எதிரே வரும் வண்டி கண்ணில் படுகிற மாதிரி வலப்பக்கமாக நடக்கச் சொல்லி வார்டனம்மா முதல் நாளே சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு கெட்ட வளைவு. போன வருஷம் ஒரு பையனுக்குக் கால் ஒடிந்ததும் "வளைவில் மணி அடிக்கவும்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். கார்க்காரர்கள் மணிக்கு எங்கே போவார்களோ, தெரியவில்லை.

சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். சைக்கிள் பழகுகிறேன். என் அறையில் இருக்கிற சங்கரம்மாள் ஏரல்காரி, ஆற்றங்கரையில் அண்ணன்மார் சைக்கிளில் பழகினவள். சாயங்காலம் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். "ஏளா, சக்கரத்தப் பாக்காத, போற எடத்தப் பாரு" என்று ஒரே அதட்டல். இரண்டு தடவை விழுந்தேன். முழங்கைத் தோல் போனதோடு சரி.

கோபிக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ராத்திரி ஜெபத்தில் உங்கள் குரல் இல்லாமல் ஒரு மாதிரியாக இருக்கிறது.

தங்கள் அன்பு
ஜெயபாய்


தூத்துக்குடி,
2-8-1973

அன்புள்ள ஜெயா,

சைக்கிள் வேண்டாம். காரணம் உனக்கே தெரியும், என்னை எழுத வைக்காதே.

நடந்தே போ, பிந்தினால் பிந்தட்டும். இல்லாவிட்டால் ரிக்‌ஷாவுக்குச் சொல்லி வை. நீ விழுந்தால் தூக்க நான் அங்கே இல்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. எனக்காக விட்டுவிடு, அம்மா.

உன்
ஜேசுதாசன்


பெண்கள் விடுதி,
26-8-1973, ஞாயிறு

அத்தானுக்கு,

இன்று காலை ஆராதனையில் போதகர் ஐயா ஜெப விண்ணப்பச் சீட்டுகளை வாசித்தார். ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு மஞ்சள் காமாலை. மூன்றாவதாக, "தபாலில் வந்த விண்ணப்பம்" என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "நான்கு வருடங்களுக்கு முன் என் அஜாக்கிரதையால் என் மனைவி ஜெயபாய் சைக்கிளிலிருந்து விழுந்து, வயிற்றிலிருந்த எங்கள் பிள்ளையை இழந்தோம். இப்போது உங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவள் சைக்கிள் ஓட்டுகிறாள். அவள் அதை விட்டுவிட ஜெபிக்கவும். தூத்துக்குடி ஜேசுதாசன்."

முந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் முன்பின் தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு புரொபசர் வீட்டம்மா, இனிமேல் தினமும் தங்கள் காரிலேயே வந்துவிடச் சொன்னார்கள்.

இந்த நான்கு வருஷத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறீர்களா? உங்களுக்கு என் மேல் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். உங்களையே நொந்துகொண்டிருந்தீர்கள் என்பது முந்நூறு பேரோடு சேர்ந்துதான் எனக்கும் தெரிய வேண்டுமா?

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. லீவிலும் ஹாஸ்டலில் இருக்க அனுமதி வாங்கப் போகிறேன். கடிதம் எழுத வேண்டாம்.

ஜெயபாய்


தூத்துக்குடி,
4-9-1973

அன்புள்ள ஜெயா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் ஊரில் மாடு காணாமல் போனாலும் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தில் அனுப்பிவிட்டேன். கர்த்தருக்கு எழுதுகிற நினைப்பில் உள்ளதையெல்லாம் எழுதினேன். நீ அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. மன்னித்துக்கொள்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்லுகிறேன். அன்றைக்கு நம் பக்கத்துப் புதுக்கோட்டைக் கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குப் பஸ்ஸைத் தவறவிட்டோம். உன்னைப் பின்னால் வைத்து மிதித்தேன். நீ ஏதோ கேட்டாய், பதில் சொல்லத் தலையைத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து எதிரே உப்பு லாரி. ஒதுங்கினேன், முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. நீ ஒரு சத்தம் போடவில்லை. அதுதான் இன்றும் காதில் கேட்கிறது.

பேசினால் நீ அழுவாய் என்று பயந்தேன். பிறகு பேசாமல் இருப்பதே பழகிப்போயிற்று. அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குத் தயாராகியிருக்கும் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை ஜெயா.

சைக்கிள் ஓட்டு, நடந்து போ, உன் இஷ்டம். ஆனால் வீட்டுக்கு வா. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை.

உன்
ஜேசுதாசன்


பெண்கள் விடுதி,
28-10-1973

அன்புள்ள அத்தான்,

ஏழு வாரமாகத் தங்கள் கடிதத்தைப் பிராக்டிகல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். பதில் எழுத உட்காருவேன், கிழித்துப் போடுவேன். கோபம் போய் நாளாயிற்று. கோபம் இருந்தவரைக்கும் இதைச் சொல்லாமல் இருக்க வசதியாக இருந்தது.

அந்த அசனத்துக்கு முந்தின வாரம் நான் தனியாக டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? கரு பலமாக இல்லை, மூன்று மாதம் சைக்கிளில் ஏறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். நான் அதை உங்களிடம் மறைத்தேன். சாத்தான்குளத்திலிருந்து அக்கா வருகிறாள், பார்த்து ஒரு வருஷம் ஆயிற்று, சொன்னால் நீங்கள் கூட்டிப்போக மாட்டீர்கள் என்று மறைத்தேன். பஸ் போனவுடன் வீட்டுக்குத் திரும்பலாம் என்றவர் நீங்கள். "சைக்கிள்ல போயிருவோம் அத்தான்" என்று கெஞ்சினவள் நான்.

இனிமேல் யார் பின்னாலும் உட்கார்ந்து போகக் கூடாது என்றுதான் இங்கே வந்து பழகினேன். இப்போது தனியாகவே வகுப்புக்குப் போகிறேன். வளைவில் மட்டும் இறங்கி, தள்ளிக்கொண்டு நடக்கிறேன். தினமும் அந்த இடத்தில் உங்களை நினைக்காமல் கடந்ததில்லை. உங்கள் பக்கத்தில் நடக்க ஏங்கிக் கிடக்கிறேன்.

பிள்ளை போனது உங்களால் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் என்னை வீட்டுக்குக் கூப்பிட மனம் வந்தால் கூப்பிடுங்கள். வராவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜெயபாய்


தூத்துக்குடி,
2-11-1973

அன்புள்ள ஜெயா,

கடிதம் இன்று கிடைத்தது. ஆபீசிலிருந்தே எழுதுகிறேன்.

நீ மறைத்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நீ மயங்கிக் கிடந்த அன்றைக்கே தெரியும். டாக்டரம்மா வராந்தாவில் என்னை நிறுத்தி, "சைக்கிள்ல ஏறக் கூடாதுன்னு போன வாரமே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஒங்க வீட்டம்மா ஒங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார்கள்.

"சொன்னா, நாந்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். வா.

உன்
ஜேசுதாசன்