பக்கிளின் முகத்தில் ஒரு மரு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நான் சௌக்கியம், உன் அப்பா சௌக்கியம், பட்டறையில் பிளாஸ்டிக் வார்க்கும் இரண்டு மோல்டிங் மெஷினும் சௌக்கியம். உன் தங்கையின் இடது முழங்கை மட்டும் சௌக்கியமில்லை. அதற்குக் காரணமானவன் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, போனை எடுக்காமல் ஆரோக்கியமாக இருப்பான் என்று நம்புகிறேன். கடிதம் எழுதுவதற்குக் காரணம் அந்தப் போன்தான். கடிதத்தை யாரும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லித் துண்டிக்க முடியாது.

என்னிடம் பேசாமல் அத்தையிடம் பேசியிருக்கிறாய். அத்தையிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று, என்ன, ஒலிபெருக்கி தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. "டிசைன்ல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல அத்தை, அம்மா பிளாஸ்டிக்கைச் சரியா காயவைக்காம மெஷின்ல போட்டிருப்பாங்க" என்று நீ சொன்னதாகக் கேள்வி. இந்த வீட்டில் நான் எதையும் காயவைக்காமல் போட்டதில்லை, நீ நனைத்துக்கொண்டு வந்த பள்ளிக்கூடச் சட்டைகள் உட்பட. அத்தோடு, "அம்மாவோட காலம் வேற" என்றும் சொன்னாயாம். நீ படித்த அதே கல்லூரியில், அதே துறையில்தான் நானும் படித்தேன். எனக்கு அங்கே தங்கப் பதக்கம் கொடுத்தார்கள், உனக்கு வருகைப்பதிவு போதவில்லை என்று எச்சரிக்கை கொடுத்தார்கள். காலம் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

நடந்ததை அத்தை வழியாக இல்லாமல் என் வழியாகவும் ஒருமுறை கேட்டுக்கொள். உன் தங்கை நடக்கக் காலில் கட்டிக்கொள்ளும் காலிப்பருக்கு நீ வரைந்து அனுப்பிய பக்கிள், முழங்காலுக்குக் கீழே வாரை இறுக்கிப் பிடிக்கும் அந்த இலை போட்ட பக்கிள், அவள் ஆபீஸ் மாடிப்படியில் இறங்கும்போது உடைந்தது. வார் விட்டது, கால் மடங்கியது, அவள் விழுந்தாள். கைப்பிடிச் சுவர் இருந்ததால் முழங்கையோடு போயிற்று. வீட்டுக்கு வந்து படியைக் கவனிக்கவில்லை என்று சொன்னாள். நம்பினோம். மறுநாள் அவள் கைப்பைக்குள் குடையை வைக்கப்போனால் அடியில் கைக்குட்டையில் சுற்றி உடைந்த துண்டு. உன்னைக் காப்பாற்றத்தான் ஒளித்துவைத்தாளாம். "அண்ணனைத் திட்டாதீங்கம்மா, நான்தான் அவசரமா இறங்கினேன்" என்கிறாள். இப்படி ஒரு தங்கை கிடைக்க நீ என்ன நல்லது செய்தாய் என்று நானும் உன் அப்பாவும் உட்கார்ந்து யோசித்தோம். ஒன்றும் அகப்படவில்லை.

துண்டைப் பார்த்தேன். கத்தி வைத்து நறுக்கியதுபோல நேராக உடைந்திருந்தது. காயாத பிளாஸ்டிக் அப்படி உடையாது. மீதிப் பக்கிள்களையும் பட்டறையில் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். எல்லாம் அதே இடத்தில் உடைந்தன, நாக்கு மாதிரி நீண்டு உள்ளே போய்ப் பூட்டுமே, அந்த நாக்கின் கழுத்தில். பிறகு மோல்டை, பக்கிளை வார்க்கும் அச்சை, முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி எடுத்தேன். பிளாஸ்டிக் எந்த வழியாக ஓடுகிறது என்று அந்த அரைகுறைத் துண்டுகள் சொல்லிவிடும், அவற்றுக்கு அத்தை தேவையில்லை. சாப்பாட்டு மேஜையில் வரிசையாக அடுக்கிவைத்தேன், உன் அப்பா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். அவர் இந்த விஷயத்தில் நடுநிலை. நடுநிலை என்றால் நான் பேசும்போது என் பக்கம் தலையாட்டுவது, உன் தங்கை பேசும்போது உன் பக்கம் தலையாட்டுவது, இரண்டு பேரும் பேசினால் பட்டறையைப் பூட்டினோமா என்று பார்த்துவரக் கிளம்புவது.

துண்டுகள் சொன்னது இதுதான். பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாயை, கேட்டை, நான் பக்கிளின் முகத்தில் நாக்குப் பக்கமாக வைக்கச் சொன்னேன். முகத்தில் மரு மாதிரித் தழும்பு விழும், அசிங்கம் என்று நீ அதைப் பின்விளிம்பில் யார் கண்ணுக்கும் படாத இடத்துக்குத் தள்ளினாய். நடுவில் இலை வடிவத்தில் ஓட்டை வேறு. பின்னாலிருந்து புறப்படுகிற பிளாஸ்டிக் இலையின் இரண்டு பக்கமும் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய், ஆறி அசந்த பிறகு கழுத்தில் சந்திக்கிறது. சந்திக்கிறதே தவிரச் சேரவில்லை. உன் தங்கைகூட மேஜையில் குனிந்து பார்த்துவிட்டு, "பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு சொந்தக்காரங்க கல்யாண வீட்ல எதிரெதிரே மாட்டிக்கிட்டு சிரிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் 3டி பிரிண்டரில் எடுத்த மாதிரிப் பக்கிள் உடையவில்லையே என்று நீ கேட்பாய். அது அடுக்கு அடுக்காக வளர்ந்தது, அதற்குக் கேட்டும் கிடையாது, இரண்டு ஓட்டமும் கிடையாது. அதை மேஜையில் வைத்துப் பத்துத் தடவை பூட்டித் திறந்துவிட்டு மோல்டு வெட்டலாம் என்று முடிவுசெய்வது, போட்டோவில் நன்றாக இருக்கிறார் என்று கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுபோல. அதன் பலனை நான் தினமும் எதிர் நாற்காலியில் பார்க்கிறேன்.

பழைய கேட்டை அடைத்துவிட்டேன். முகத்தில், நாக்குப் பக்கத்தில், புதிதாக வெட்டியாயிற்று. இப்போது கழுத்து முதலில் நிரம்புகிறது, இரண்டு ஓட்டமும் பின்விளிம்பின் தடிமனில் போய்ச் சந்திக்கின்றன. அங்கே எந்த வேலையும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும். இலைக்குக் கீழே எள்ளளவு ஒரு தழும்பு இருக்கிறது. நாக்கின் வளைவை நான் தொடவில்லை. அது நன்றாக வந்திருக்கிறது, விரல் வைத்தால் தானாக வழிவிடுகிறது. நான் இப்படிச் சொன்னதாக அத்தைக்குத் தெரியவேண்டாம்.

இனிமேல்தான் விஷயம். புதுப் பக்கிளை உன் தங்கை போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். தழும்புக்காக இல்லை. உடைவதற்கு முன்னால் அவள் ஆபீஸில் ஒரு பெண் உன் பக்கிளைப் பார்த்து, இது எந்தக் கடையில் வாங்கினது, எனக்கும் ஒன்று வேண்டும், கைப்பைக்குப் போடலாம் என்று கேட்டாளாம். இவள் காலைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் ஆள். அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் காலை யாரும் ஐயோ பாவம் என்று பார்க்கக்கூடாது என்றுதான் நீ இலையும் வைத்தாய், தழும்பும் வேண்டாம் என்றாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் கோபம் கூடியிருக்கிறது. "அண்ணன் சரின்னு சொல்லாம மாத்தினா அது அண்ணன் செஞ்சது இல்லையே" என்று புதியதை அலமாரிக்குள் வைத்துவிட்டாள். உன்னுடையது வருவதற்கு முன் போட்டிருந்த பழைய இரும்புப் பக்கிளையும் மாட்டிக்கொள்ள மாட்டாளாம். நீ அனுப்பிய பார்சலைச் சுற்றியிருந்த நாடாவைக் கத்தரித்து, அதைக்கொண்டு வாரைக் கட்டிக்கொண்டு போய்வருகிறாள். அதே மாடிப்படி. பார்சல் நாடா எவ்வளவு தாங்கும் என்று பெரிய கம்பெனியில் இருக்கும் உனக்கு யாராவது கணக்குப் போட்டுச் சொல்வார்கள். எனக்குப் போட்டுப் பார்க்கத் தைரியமில்லை.

ஆகவே நீ என்னிடம் பேசவேண்டாம். மன்னிப்புக் கேட்கவேண்டாம், கேட்டாலும் நான் அப்போது மெஷினில் இருப்பேன். கேட்டைப் பற்றி உன் அபிப்பிராயத்தை ஆயுள் முழுக்க வைத்துக்கொள். தங்கைக்குப் போன் போட்டு, "புதுசைப் போட்டுக்கோ, நான்தான் மாத்தச் சொன்னேன்" என்று சொல். அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். பரவாயில்லை, அவள் உனக்காகச் சொன்ன பொய்க்கு நீ ஒன்று திருப்பிச் சொன்னதாக இருக்கட்டும். அவள் கேட்கக் காத்திருக்கிறாள், போன் அடிக்கும்போதெல்லாம் அவள்தான் முதலில் எடுக்கிறாள்.

குளிரில் காதைக் கட்டிக்கொள். வெளியில் சாப்பிடுவதைக் குறை. நீ வரைகிற எல்லாவற்றையும்விட அதிக நாள் உழைக்கும் உடம்போடு, குறைவில்லாமல் இரு.

இதனோடு ஒரு பெட்டி வருகிறது. அரைகுறைத் துண்டுகள், உடைந்தது, புதியதில் இன்னொன்று, மூன்றும் உள்ளே. புதியதை மேஜையில் வைத்து அழகு பார்க்காதே. அவளுடைய பழைய காலிப்பரை என் காலில் கட்டி, இந்தப் பக்கிளைப் பூட்டி, விடுமுறை நாளில் அவள் ஆபீஸ் மாடிப்படியில் ஏறி இறங்கிவிட்டுத்தான் அனுப்புகிறேன். காவலாளி என்னம்மா இது என்றார். சோதனை என்றேன். நான் அவளைவிட எவ்வளவு கனம் என்பது உனக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரை ஒரு இடத்திலும் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
பிளாஸ்டிக்கைக் காயவைத்தே போடும்
உன் அம்மா