ஜாஸ்தியும் ஜாஸ் தீமும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் நலம். போன வாரம் எழுதியிருந்தால் இது பொய்யாக இருந்திருக்கும், இன்றைக்கு மனசாரவே எழுதுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

சின்னவளின் படம் கைநழுவிப் போக இருந்தது, தப்பித்தது. உன் தங்கை தனியாக இசையமைக்கும் முதல் படமாயிற்றே, அதில் காதல் சீனுக்கான தீம் மியூசிக்கை அப்பாவின் சாக்ஸபோனை நம்பித்தான் போட்டிருந்தாள். இத்தனை காலமும் அப்பாவை ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டதெல்லாம் கிளப் டான்ஸுக்கும் வில்லன் வீட்டுப் பார்ட்டிக்கும்தான், காதல் என்று வந்தால் வயலினும் புல்லாங்குழலும் உள்ளே வரும், இவர் டீ குடிக்க வெளியே போவார். அதனால் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காதலுக்கு எதுக்குடி ஜாஸ், நேராப் போகாம இழுத்து இழுத்து வருதே என்று நான்கூடக் கேட்டேன். அதுக்குத்தாம்மா, ஆசையைச் சொல்லத் தயங்குறவன் நேராவா பேசுவான் என்றாள்.

சாம்பிள் ட்யூனை டைரக்டருக்கு அனுப்பியிருந்தாள், அந்தச் சமயம் பார்த்து அவருடைய உதவியாளர் போன் செய்தார். நான் மிக்ஸியை ஓடவிட்டிருந்தேன், அப்பா எடுத்தார். தன் காதுதான் காது என்று பீற்றிக்கொள்கிறவர், முகம் வெளிறிப்போய், லவ் சீனுக்கு ஜாஸ் தீம் வேண்டாமாம் என்றார். அதோடு வீடு வீடாக இல்லை. என்னால உன் பொழப்பு கெட வேண்டாம், என்னைத் தூக்கிட்டு வயலினையே போடு என்று அவர். அப்பா வாசிக்கலைன்னா எனக்கு அந்தப் படமே வேண்டாம் என்று இவள். இரண்டும் ஒரே பிடிவாதம், யாருக்கென்று நான் சமாதானம் சொல்வது!

மறுநாள் சொன்னபடியே டைரக்டர் ஆபீசுக்குப் போய், வேற ஆளைப் பாத்துக்குங்க சார் என்று சொல்லிவிட்டாள். அவர் திருதிருவென்று முழித்தாராம். ஜாஸ் தீம் வேண்டாம்னு யாரும்மா சொன்னா, லவ் சீனுக்கு ஜாஸ்தி வேண்டாம்னுதானே சொல்லச் சொன்னேன், சாக்ஸுக்குப் பின்னாடி வயலின் கும்பல் ஜாஸ்தி, அதைக் குறைம்மா, சீன்ல அந்த ரெண்டு பேரும் வாயே திறக்கல, சாக்ஸ்தானே பேசுது என்றாராம். கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உன் அப்பா மட்டும், போன்ல அந்த அசிஸ்டென்ட் வாய்க்குள்ளயே முணுமுணுத்தா என் காது என்ன பண்ணும் என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.

நேற்று ரெக்கார்டிங், நானும் போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். இந்த மெட்டை எங்கேருந்தும்மா புடிச்சே என்று டைரக்டர் கேட்க, உன் தங்கை என் எதிரிலேயே, அம்மாகிட்ட சண்டை போட்டா அப்பா மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டார் சார், உள் ரூம்ல உக்காந்து இதைத்தான் வாசிப்பார் என்று போட்டு உடைத்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் பிராக்டீஸ் என்று நினைத்து, கதவைச் சாத்திக்கிட்டு வாசிங்க என்று அல்லவா விரட்டியிருக்கிறேன்.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும், உடம்பைப் பார்த்துக்கொள். படம் உன் ஊருக்கு வந்தால் மறக்காமல் பார். அந்த சீனில் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விடாதே. அது அப்பா எனக்குச் சொன்னது.

ஆசிகளுடன்,
உன் அம்மா