கெட்டுப்போகாத டிஸ்க்

சுகந்தியக்கா,

நீ இருந்திருந்தால் இந்நேரம் என்னைத் திட்டியிருப்பாய். உன் கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டேன். நீ இருந்தவரை என்னைக் கிட்டே சேர்த்ததில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே, போய்ப் படி என்பாய். ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார வைத்திருந்தால், இன்றைக்கு நான் இப்படிப் பயந்து சாக வேண்டியதில்லை.

உன் கருமாதி முடிந்ததும் அம்மா அதன் மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்திவிட்டாள். கண் விழித்து அதன் முன்னால் உட்கார்ந்துதான் உனக்கு மஞ்சள் காமாலை முற்றியது என்று நம்புகிறாள். "இந்தப் பொட்டி ஒருத்திய முழுங்குனது போதும். நீ கைய வெச்சீன்னா தெரியும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை மகன் பிரபு மாமா வந்தார். உன் வகுப்பு, உன் ப்ராஜெக்டிலும் கூட்டாளி. காலேஜிலிருந்து நீ இரவல் வாங்கிய ஜிப் டிரைவை, அந்தத் தடித்த பிளாப்பி மாதிரி டிஸ்க் போடும் பெட்டியை, திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். பிரிண்டர் வயர் மாட்டும் இடத்தில் அதை மாட்டினார். உன் டிஸ்கைப் போட்டு, லினக்ஸில் டிரைவை எழுப்பும் கட்டளையைத் தட்டினார், திரையில் வரிகள் ஓடி நின்றன. பிறகு டிஸ்கைத் திறக்க mount /dev/sda1 என்று தட்டினார். திறக்கவில்லை. மறுபடியும் அதையே தட்டினார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"டிஸ்க் போயிருச்சுங்க மாமா. சுகந்தி செஞ்சதெல்லாம் போச்சு. நானே முதல்ல இருந்து செஞ்சு முடிச்சுப்போட்டேனுங்க."

கையோடு பைண்டு செய்த ரிப்போர்ட் கொண்டுவந்திருந்தார். மோட்டார் காயிலுக்கு எத்தனை சுற்று, என்ன அளவுக் கம்பி என்று கணக்குப் போடும் புரோகிராம். அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அக்கா பெயரையும் போட்டிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவ பேரு இருந்து இனி என்ன கண்ணு ஆகப்போகுது? இருக்கறவனாச்சும் பாஸாகட்டும்."

அன்று மாட்டியபடியே விட்டுப்போன டிரைவை எடுத்துப்போக நாளைக் காலையில் பிரபு மாமா வருகிறார். அதோடு வந்த டிஸ்கையும் அழித்துத்தான் காலேஜில் கொடுக்க வேண்டுமாம். அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு சேலையை விலக்கினேன். பாஸ்வேர்டு நம் எருமையின் பெயர்தானே. டிரைவை எழுப்பும் கட்டளையை அவர் தட்டும்போதே பார்த்து வைத்திருந்தேன்.

அதைத் தட்டியதும் வரி வரியாக ஓடியது. கடைசியில் sda: sda4 என்று நின்றது. அவர் தேடியது ஒன்றாவது பாகத்தை. இந்த டிஸ்கில் இருப்பதோ நாலாவது பாகம் ஒன்றுதான். நாலு என்று மாற்றித் தட்டினேன். திறந்துகொண்டது.

ஞாயிறுதோறும் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு இது தெரியாதா அக்கா? கண்ணெதிரே அந்த வரி நின்றதே?

உன் ரிப்போர்ட்டைத் திறந்தேன். அவர் காட்டியது அப்படியே இருந்தது, படங்கள்கூட மாறவில்லை. முதல் பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே அவர் பெயரும் இருந்தது. நீ அவரை விட்டுவிடவில்லை. அதற்கும் கீழே, பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாய். இதை ஏன் அப்பாவிடம் சொல்லாமலே போனாய்?

டிஸ்கை எடுக்கப் பொத்தானை அழுத்தினேன். வரவில்லை. உள்ளே அம்மா இருமினாள். உடைத்துவிட்டேன் என்று நினைத்து அழுகை வந்துவிட்டது. நீ எழுந்து போகும் முன் umount என்று தட்டுவது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தட்டினேன், வெளியே வந்தது.

ஒளித்து வைக்கலாமா என்று பார்த்தேன். ஒளித்தால் நான் திருடி ஆகிவிடுவேன், அவர் நல்லவராகவே இருப்பார்.

நாளைக்கு அவர் முன்னால், அப்பாவும் இருக்கும்போதே, நானே தட்டித் திறப்பேன். அடி விழும். விழட்டும். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அந்த முதல் பக்கத்தை அவருக்குக் கேட்கும்படி நான் சத்தமாக வாசிப்பேன், உன் பெயரில் தொடங்கி.

இந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே மகள்,
உன் தங்கச்சி அம்பிகா