பத்து மணிக்கு மஞ்சள் புள்ளி

2025 ஜூன் 16, திங்கள்

இன்று முதல் அலுவலகப் பேச்சு, கூட்டம் எல்லாம் ஒரு புதிய செயலியில்தான். சென்னையிலிருந்து சுரேஷ்குமார் இணைப்பை அனுப்பினார். எங்கள் குழுத் தலைவர். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். என் மடிக்கணினி செயலியை ஏற்கவில்லை. பழசு. "அப்ப பிரவுசர்லயே திறந்துக்குங்க மேடம், எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

ஒன்றாக இல்லை. திறந்ததும் மைக்கைக் கேட்டது, கேமராவைக் கேட்டது, அறிவிப்பு அனுப்பட்டுமா என்றது. மூன்றுக்கும் 'வேண்டாம்' என்று அழுத்தினேன். அதன்பின் அரை மணி நேரக் கூட்டத்தில் நான் பேசிய எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பச்சை என்றால் இருக்கிறேன். ஐந்து நிமிடம் அந்தப் பக்கத்தைத் தொடாவிட்டால் மஞ்சள், அதாவது, இல்லை. நான் இருக்கிறேனா இல்லையா என்று இந்த நாற்பத்தெட்டு வயதுவரை யாரும் இத்தனை கறாராகச் சொன்னதில்லை.

ஜூன் 19, வியாழன்

புது விதி: ஒவ்வொரு திருத்தத்தையும் செயலியின் பொதுப் பக்கத்தில் தனித்தனியாகப் பதிவிட வேண்டுமாம். பத்தொன்பது பேர் பார்க்கும் பக்கம்.

எங்கள் வேலைக்கு இது எப்படிப் பொருந்தும்? மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாள் — அதன் தமிழ். இயந்திரம் முதலில் மொழிபெயர்த்துவிடும். சரிபார்ப்பது நானும் அருணாதேவியும். எம்.ஃபில். முடித்தது இதற்குத்தானா என்று முன்பெல்லாம் கேட்டுக்கொள்வேன். இப்போது கேட்பதில்லை.

ஊருக்குள் ஒரு லாட்ஜ் மாடியில் அலுவலகம் இருந்த காலத்திலிருந்தே எங்கள் வழக்கம் இதுதான்: ஒருவர் தமிழை வாய்விட்டுப் படிப்பது, மற்றவர் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது. கண் வரி தாவிவிடும், காது தாவாது. கொரோனாவில் அலுவலகத்தை மூடியபின் அதையே போனில் செய்கிறோம். பத்து மணிக்கு அடி அண்ணாமலையிலிருந்து அருணா கூப்பிடுவார். அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு கமா, முற்றுப்புள்ளி உட்படப் படிப்பார். நான் வேங்கிக்காலில் கணினி முன்னால் உட்கார்ந்து கேட்பேன். பன்னிரண்டு மணி வரை.

"அருணா, நிறுத்துங்க."

"எங்கக்கா?"

அப்படிக் கேட்பாரே தவிர, எங்கே என்று அவருக்குத் தெரியும். தப்பு இருக்கும் வரி வந்தால் குரல் ஒரு பொடி மெதுவாகும். பதினோரு வருடமாக அந்த மெதுவைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான் என்பதால் பதிவையும் நானே போடுகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

முதல் வாராந்திர அறிக்கை பொதுப் பக்கத்தில் வந்தது. மெஹ்ஜபீன், அதாவது நான்: 63 திருத்தங்கள். அருணாதேவி: பூஜ்யம். பக்கத்தில் 'இல்லாத நேரம்' என்று ஒரு கட்டம். எனக்குக் கொஞ்சம். அவருக்குத் தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை முழு மஞ்சள்.

போனில் சொன்னேன். சிரித்தார். "பத்து மணிக்கு நான் கழனிக்குக் களை எடுக்கப் போறேன்னு நெனச்சிருப்பாங்கக்கா."

"சுரேஷ்குமார்கிட்ட நான் சொல்றேன்."

"அட வுடுங்க. பக்கம் மூணு, தலைப்பு, 'பக்க விளைவுகள்', முக்காற்புள்ளி…"

விட்டுவிட்டேன்.

ஜூன் 25, புதன்

வீட்டுக்காரர் ரபீக்கிடம் சொன்னேன். செருப்புக் கடை வைத்திருப்பவருக்கு இதெல்லாம் தமாஷ். "பச்சை விளக்கு எரியணும், அவ்ளோதானே? அந்த மௌஸைக் கட்டி ஃபேன்ல தொங்க விடு. நாள் முழுக்க வேலை செய்வே." சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

ஜூலை 2, புதன்

சுரேஷ்குமார் போனில் கூப்பிட்டார். செயலியில் இல்லை, போனில். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

"மேடம், இது உங்களுக்கு மட்டும். ஆகஸ்ட்லேர்ந்து தமிழுக்கு ஒரு ஆள்தான். பத்தாம் தேதி ரிவ்யூ மீட்டிங். நீங்க பயப்படாதீங்க, உங்க நம்பர்ஸ் சூப்பர்."

"அருணாதேவி?"

"டேட்டா பாத்தீங்கல்ல மேடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்ககிட்ட இப்ப எதுவும் பேச வேணாம். மீட்டிங்ல நாங்களே பக்குவமா சொல்லிடறோம்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜூலை 3, வியாழன்

பத்து மணிக்குப் போன் வந்தது. பதினான்கு பக்கம். சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

என்னையே கொஞ்சம் சரிபார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் கடை இருக்கிறது. அவர் வீட்டில் கணவர் குமரேசன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு கட்டிலிலிருந்து வாசல் வரைதான் நடக்கிறார். வேலை யாருக்கு அதிகம் தேவை என்பதில் குழப்பம் ஒன்றும் இல்லை. வேலையைச் செய்தது யார் என்பதிலும் இல்லை. பிறகு எதற்கு ஐந்து நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்?

63 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான். என் பெயருக்கு எதிரில் யாராவது ஒரு நல்ல எண்ணைப் போட்டு எத்தனை வருடமாயிற்று! எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

சுரேஷ்குமாருக்கு எழுதினேன்: பத்தாம் தேதி இங்கே பௌர்ணமி, லட்சக்கணக்கில் ஜனம் வரும், மலை சுற்றும் பாதையில் செல்போன் சிக்னல் நிற்காது, அருணாதேவியின் வீடு அந்தப் பாதையில்தான், வேறு நாள் வையுங்கள்.

உடனே கூப்பிட்டார். "மேடம், பௌர்ணமிக்கும் சிக்னலுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? வேணும்னா அமாவாசைக்கு வைக்கவா?"

அருணாவிடம் கூட்டம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "ரோட்டை மூடிடுவாங்க, அந்தாண்ட இந்தாண்ட நகர முடியாது. கெணத்து மேட்டுல நின்னா ஒரு கோடு சிக்னல் வரும், அங்கேர்ந்து பேசறேன். என்ன பெருசா பேசப்போறாங்க" என்றார்.

என்ன பேசப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். இந்த முறை மைக்குக்கும் கேமராவுக்கும் 'சரி' என்று அழுத்தியிருந்தேன். நடத்தியது இனியா, எங்கள் பிரிவின் தலைவி, முப்பது வயதிருக்கலாம். நான்கு கட்டங்கள்: இனியா, சுரேஷ்குமார், நான், அருணா. அருணாவின் கட்டத்தில் பின்னால் கம்பங்கொல்லை, முகத்தில் வெயில். "வணக்கங்க" என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே உறைந்துபோனார். கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து. இரண்டு நிமிடம் அந்த முகம் அங்கேயே இருந்தது. அவர்கள் அதை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பிறகு கட்டமே மறைந்தது.

"பாத்தீங்களா, இதுதான் பிரச்சனை" என்றார் இனியா. "முக்கியமான மீட்டிங்ல கூட அவெய்லபிளா இல்ல."

"பௌர்ணமி" என்றேன்.

"சாரி மேடம்?"

"அந்தத் திருத்தமெல்லாம் நான் மட்டும் செஞ்சதில்ல. அவங்க படிப்பாங்க, நான்…"

"மேடம், உங்க வாய்ஸ் கட்டாவுது, சாட்ல போட்டுடுங்களேன்" என்றார் சுரேஷ்குமார்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்த சிறு பெட்டியில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். நான் மெதுவாகத்தான் எழுதுவேன். ஐந்து வாக்கியம் எழுதி, இரண்டாவதை மாற்றிக்கொண்டிருந்தேன். 'கூட்டம் முடிந்தது' என்று ஒரு வெள்ளைத் திரை வந்தது. பெட்டி போயிற்று, ஐந்து வாக்கியமும் போயிற்று.

கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி எழுதினேன். யார் படிப்பது, யார் கேட்பது, குரல் எங்கே மெதுவாகும், பூஜ்யம் என்று காட்டப்பட்டவரின் வேலை எது, எல்லாம். பாதிக்கு மேல் அவருடையது, ஆகவே அவரை விலக்குவது தவறு என்று முடித்தேன்.

சுரேஷ்குமாருக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ அந்தப் பக்கத்திலேயே திருத்தமும் வர வேண்டும் — பழகிய தொழில் அது. பொதுப் பக்கத்தில் போட்டேன். ஆறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ரொம்ப நாள் கழித்து மனசு லேசாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

காலை ஏழரைக்கே அருணாவின் போன். சிக்னல் வந்துவிட்டது.

"சொல்லுங்க மேடம்" என்றார். அக்கா இல்லை, மேடம். கூப்பிட்டது அவர்.

"அருணா, நேத்து…"

"பாத்தேன். பத்தொன்பது பேர் பாத்தப்புறம் நானும் பாத்தேன். என்னை வேலையை விட்டுத் தூக்கப்போறாங்கங்கிற விஷயமே அதுல இருந்துதான் எனக்குத் தெரியும்."

சுரேஷ்குமார் பேச வேண்டாம் என்றார் என்றேன். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது.

"எப்ப சொன்னாரு?"

"ரெண்டாம் தேதி."

அவர் எண்ணுவது கேட்டது. "எட்டு நாளு. தெனமும் காலையில நான் படிச்சுட்டே இருந்தேன், நீங்க எல்லாம் தெரிஞ்சுக்கினு கேட்டுக்கினு இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பஸ்ஸைப் புடிச்சாவது சென்னைக்குப் போய் அந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்திருக்க மாட்டனா? எனக்கு வாய் இல்லையா மேடம்? உங்களுக்கே படிச்சுக் காட்டுற வாயிதானே?"

வைத்துவிட்டார். பத்து மணிக்குப் போன் வரவில்லை. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்? திருத்தம் போடத் தெரிஞ்சவளுக்கு ஒரு போன் போடத் தெரியலையே.

ரபீக் நேரத்தோடு கடைக்குப் போய்விட்டார். பௌர்ணமிக்கு மறுநாள் செருப்பைத் தொலைத்தவர்கள் கூட்டம் ஜாஸ்தி.

ஜூலை 14, திங்கள்

தனியாகக் கண்ணால் சரிபார்த்தேன். ஒன்பது பக்கத்தில் ஒரு பிழை கிடைத்தது. ஒன்றுதான் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஜூலை 18, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. சுரேஷ்குமார் உற்சாகமாக இருந்தார். "உங்க மெசேஜ் ரொம்ப ஹெல்ப்ஃபுல்லா இருந்துச்சு மேடம். இனியா மேடம் என்ன சொன்னாங்கன்னா, ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஒரு ஆள் வேலையைப் பண்றாங்க? அப்ப ஒரு ஆள் போஸ்ட்டை ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துடலாம். ஆளுக்குப் பாதி நாள். யாரையும் அனுப்ப வேணாம். ஹேப்பியா?"

நான் எழுதியதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஆட்டோவில் அடி அண்ணாமலை போனேன். பதினோரு வருடத்தில் இரண்டாவது முறை. குமரேசன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்கம்மா, வாங்க. எங்க வீட்டம்மா பேரைச் சென்னை வரைக்கும் பரப்பிட்டீங்களே. உள்ளதான் இருக்குது, கோவமாத்தான் இருக்குது. போங்க."

அருணா நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ கொடுத்தார். கடைசியில் நான்தான் சொன்னேன்.

"முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு. உங்களுக்காக இல்ல, எனக்காக."

"தெரியும்" என்றார்.

"பாதி நாளை ஒத்துக்கப்போறீங்களா?"

"ஒத்துக்காம? ஆஸ்பத்திரி செலவுக்கு எங்க போறது?" டம்ளரை வாங்கிக்கொண்டார். "சாயந்திரத்துக்கு வேங்கிக்கால்ல ஒரு டியூஷன் சென்டர்ல கேட்டிருக்கேன். பாக்கலாம்."

"ஒண்ணாந்தேதியிலேர்ந்து நான் படிக்கிறேன் அருணா. நீங்க கேளுங்க. பதிவை நீங்க போடுங்க, உங்க பேர்ல."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கேட்டில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"எங்க லேப்டாப்பு ஆமை" என்றார். "பிரவுசர் திறக்கவே கால்மணி ஆகும். பத்துன்னா பத்தேகாலுக்குக் கூப்பிடுங்க."

ஆகஸ்ட் 1, வெள்ளி

பத்தேகாலுக்கு நான் கூப்பிட்டேன். இரத்த அழுத்த மாத்திரைக்கான தாள், பன்னிரண்டு பக்கம். அச்செடுத்து வைத்திருந்தேன். கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி, எண்களை ஒவ்வொரு இலக்கமாக. மறுமுனையில் விசை தட்டும் சத்தம். நான்கு இடத்தில் நிறுத்தச் சொன்னார். அதில் மூன்றை நான் படிக்கும்போது கவனிக்கவே இல்லை. வீட்டு விஷயம் எதுவும் பேசவில்லை. முன்பெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் பேசுவோம்.

ஏழாம் பக்கத்தில் "நிறுத்துங்க" என்றார். எந்த வரி என்று தேடினேன்.

"வரி இல்ல. போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க. தொண்டை ஒட்டிக்கும் இப்போ."

ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பதினோரு வருடத்தில் ஒருநாளும் நான் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. எழுந்து போய்க் குடித்தேன். திரும்பி வந்து எட்டாம் பக்கத்தைப் படித்தேன்.